தன் வாலைத் தானே தாண்டும் சரக்கு ரயில்

மூன்று நாளில் ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்திருக்கிறேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த படத்தில் எஞ்சின் கிடையாது. ரயிலின் தலையும் இல்லை, வாலும் இல்லை. காய்ந்த புல் மூடிய ஒரு மலைச்சரிவு, நாலைந்து ஓக் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசையாகக் கன்டெய்னர்கள். இடது ஓரத்தில் நுழைந்து வலது ஓரத்தில் வெளியே போய்விடுகிறது வரிசை. எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூட்ஸ் வண்டி என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது அந்தப் படத்தை எடுத்தபோதுதான்.

போனது டெஹாச்சப்பி கணவாய்க்கு. கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு சமவெளிக்கும் மொஹாவி பாலைவனத்துக்கும் நடுவில் நிற்கிற மலை அது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு நீண்ட வார விடுமுறை கிடைத்தது. அக்கா மகனையும் கூட்டிக்கொண்டேன். பதிமூன்று வயது, எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பையன். கேமரா என் பொறுப்பு, எண்ணிக்கை அவன் பொறுப்பு என்று காரில் ஏறும்போதே பிரித்துக்கொண்டோம்.

இந்த மலையைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ரயில் பிரியர்கள் வருவதற்குக் காரணம், பாதையில் இருக்கும் ஒரு வளையம். ஏறி வருகிற ரயில் ஒரு சின்னச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. 9ஆம் எண் சுரங்கம். வெளியே வந்ததும் எதிரே இருக்கிற குன்றை ஒரு முழுச் சுற்று சுற்றி ஏறி, தான் நுழைந்த அதே சுரங்கத்தின் தலைக்கு மேலே வந்து சேர்கிறது. சுற்றின் நீளம் 1,152 மீட்டர். அந்த ஒரு சுற்றில் ரயில் ஏறும் உயரம் 23 மீட்டர். ரயிலின் நீளம் வளையத்தைவிடச் சற்றே அதிகமாக இருந்தால்கூடப் போதும், எஞ்சின் மேலே போகும்போது அதன் வால் கீழே சுரங்கத்துக்குள் இருக்கும். இங்கே ஓடுகிற ரயில்களில் பல ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நீளம். அதனால் ரயில் தன்னையே தாண்டிப் போகிற காட்சி இங்கே தினசரி நடக்கிற விஷயம்.

இவ்வளவு சுற்றி வளைத்து ஏன் போக வேண்டும்? ஒரு ரயிலுக்கு மலை என்பது எப்படிப்பட்ட தொல்லை என்று தெரிந்தால்தான் இது விளங்கும். சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் தொடுகிற இடம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும். சமதளத்தில் அதுதான் வரம். உராய்வு குறைவு என்பதால் ஒரு எஞ்சின் ஆயிரக்கணக்கான டன்னை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றத்தில் அதே வழுக்கல் எதிரியாகிவிடும். நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏற்றம் நமக்கு நடக்கும்போது தெரியக்கூடத் தெரியாது. சைக்கிள்காரர் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார், அவ்வளவுதான். சரக்கு ரயிலுக்கு அது செங்குத்து. டெஹாச்சப்பி பாதை முழுக்க ஏறக்குறைய அந்த அளவு ஏற்றம்தான். சக்கரம் வழுக்கினால் பிடிமானம் கொடுக்க எஞ்சின் தன் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவிக்கொண்டே போகும். ஆகவே நேரே ஏற முடியாத உயரத்தைச் சுற்றி ஏறுவது ஒன்றுதான் வழி.

இந்த மலையில் அப்படிப் பாதை வகுத்தவர் சதர்ன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் வில்லியம் ஹூட். வேலை 1874இல் தொடங்கி 1876இல் முடிந்தது. மலையைக் குடைந்தும் வெட்டியும் பாதை போட்டவர்கள் சுமார் 3,000 சீனத் தொழிலாளர்கள். கடப்பாரை, மண்வெட்டி, குதிரை வண்டி, வெடிமருந்து. யந்திரம் என்று சொல்ல வேறு எதுவும் கிடையாது. 18 சுரங்கங்கள். ஹூட்டின் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. வளையத்தில் இருக்கும் லூப் லைனுக்கு, அதாவது ஒரு ரயில் ஒதுங்கி இன்னொன்றுக்கு வழிவிடும் பக்கத் தண்டவாளத்துக்கு, வாலாங் என்று பெயர். டபிள்யூ. ஏ. லாங் என்ற ரயில்வே மேற்பார்வையாளரின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் வருவது அது. மண் சுமந்த மூவாயிரம் பேரில் ஒருவர் பெயரும் எந்த வளைவுக்கும் வைக்கப்படவில்லை. அது எனக்கு உறுத்தியது. இன்னும் உறுத்துகிறது.

முதல் நாள் காலை நாங்கள் சாலையோர மேட்டில் போய் நின்றபோது குளிர் கையைக் கடித்தது. கீழே முழு வளையமும் தெரிகிறது. நடுவில் குன்று, குன்றின் உச்சியில் ஒரு வெள்ளைச் சிலுவை, அதைச் சுற்றித் தண்டவாளம். ரயில் இல்லாதபோது அது ஏதோ மறந்துபோன ஒற்றையடிப் பாதை மாதிரிதான் இருக்கும். நாற்பது நிமிடம் எதுவும் வரவில்லை. சரக்கு ரயிலுக்குக் கால அட்டவணை கிடையாது. பயணிகள் ரயில் இந்தப் பாதையில் வழக்கமாக ஓடுவது 1971லேயே நின்றுவிட்டது. கடலோரப் பாதை அடைபட்டால் எப்போதாவது ஒன்று இப்படிச் சுற்றிப் போகும். மற்றபடி முழுக்கச் சரக்குதான். யூனியன் பசிபிக்குச் சொந்தமான பாதை, அதில் பிஎன்எஸ்எஃப் ரயில்களும் ஓடுகின்றன. மஞ்சள் எஞ்சின் ஒரு கம்பெனி, ஆரஞ்சு எஞ்சின் இன்னொரு கம்பெனி. அதனால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் வந்தது சத்தம்தான். மலைக்குள்ளிருந்து ஒரு உறுமல். காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் தெரிகிற மாதிரி. அது நெருங்கி வர எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்து நிமிடம் இருக்கும். மலை மடிப்புகளுக்குள் போய்ப் போய் வந்ததால் சத்தம் ஒரு முறை பெரிதானது, அப்புறம் அடங்கியது, மறுபடி பெரிதானது. கடைசியில் சுரங்கத்து வாயில் வெளிச்சம் தெரிந்தது. மூன்று ஆரஞ்சு எஞ்சின்கள். ஒவ்வொன்றும் சுமார் 4,400 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 195 டன் எடை, ஆறு அச்சு. இவ்வளவு சக்தியும் சேர்ந்து இழுத்தும் ரயிலின் வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

நான் சுட்டுத் தள்ளினேன். எஞ்சின் சுரங்கத்திலிருந்து வரும்போது, வளைவில் திரும்பும்போது, மேலே பாலத்துக்கு வரும்போது. எல்லாம் எஞ்சின். அது தாண்டிப் போனதும் கேமராவை இறக்கிவிட்டு எடுத்த படங்களைத் திரையில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பையன் மட்டும் உதடு அசைய நின்றுகொண்டிருந்தான். இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் வாயைத் திறந்தான்.

"நூத்திப் பதினாலு, சித்தி. நீங்க கடைசி வரைக்கும் பாக்கவே இல்ல."

சரிதான். நான் பார்க்கவில்லை. அன்று முழுக்க அப்படித்தான் போயிற்று. ஏழு ரயில், ஏழு எஞ்சின் வரிசை, கிட்டத்தட்ட ஒரே மாதிரி நானூறு படங்கள். மத்தியானத்தில் எடுத்தவை எல்லாம் வீண். உச்சி வெயிலில் எஞ்சினின் மூக்குக்குக் கீழே இருக்கும் சக்கரங்கள் கறுப்புக் குழியாகிவிடுகின்றன. வெள்ளைக் கன்டெய்னர்கள் வெளிறிப் போய்விடுகின்றன. தரையிலிருந்து எழும் சூடு நீண்ட லென்ஸில் எல்லாவற்றையும் தண்ணீருக்குள் இருப்பது போல நெளிய வைக்கிறது. காலை எட்டரைக்கு முன்னாலும் மாலை மூன்றரைக்குப் பின்னாலும்தான் இந்த மலையில் படம் எடுக்கலாம் என்பது என் அனுபவம். நடுவில் இருக்கிற நேரம் பார்ப்பதற்கானது.

அந்த மேட்டில் இன்னொருவரும் இருந்தார். மடக்கு நாற்காலி, மடியில் ஒரு சின்ன ரேடியோ ஸ்கேனர். வேறொரு மாநிலத்தில் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்கேனரில் ஓட்டுநர்கள் பேசுவதும் கட்டுப்பாட்டு அறை பேசுவதும் கேட்கும். எங்களை ஈர்த்தது அதில் வருகிற இன்னொரு குரல். பாதை ஓரத்தில் ஆங்காங்கே ஒரு கருவி பதிக்கப்பட்டிருக்கும். ரயில் தாண்டும்போது ஒவ்வொரு அச்சின் சூட்டையும் அளக்கும். பேரிங் காய்ந்து சூடேறினால் அச்சு முறிந்து ரயில் கவிழும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ரயில் முழுவதும் தாண்டியதும் அந்தக் கருவி மனிதக் குரலில், எந்த மைல்கல், குறை எதுவும் இல்லை, மொத்தம் இத்தனை அச்சு என்று ரேடியோவில் சொல்லும். ஓட்டுநருக்கு உண்டான தகவல். எங்களுக்கோ, ரயில் வருகிறது என்ற தகவல்.

பையன் அச்சு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு பெட்டிக்கு நாலு அச்சு, எஞ்சினுக்கு ஆறு, அப்படியானால் மொத்தப் பெட்டி இத்தனை என்று ரயில் கண்ணில் படும் முன்னரே கணக்குப் போட்டு வைத்துவிடுவான். அப்புறம் எண்ணிப் பார்த்தால் ஒத்துவரவில்லை. இரண்டு ரயிலுக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவனைப் பெரியவர் கூப்பிட்டு, கன்டெய்னர் தாங்கும் பெட்டிகளைக் கூர்ந்து பார்க்கச் சொன்னார். ஐந்து பெட்டிகள் ஒரே கோர்வையாக இருக்கும். பக்கத்துப் பெட்டிகள் இரண்டும் நடுவில் ஒரே சக்கரத் தொகுதியைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஐந்து பெட்டிக்கு இருபது அச்சு வராது, பன்னிரண்டுதான் வரும். அந்த ஐந்திலும் அடுக்குக்கு இரண்டாகப் பத்து கன்டெய்னர் ஏறும். எடை மிச்சம், இடம் மிச்சம். பையன் நோட்டில் கணக்கைத் திருத்தி எழுதினான். அடுத்த ரயிலுக்கு ஒத்துவந்தபோது அவன் முகத்தைத்தான் நான் படம் எடுத்தேன். அன்றைய நாளில் உருப்படியான படம் அது ஒன்றுதான்.

நான் எஞ்சினாகவே எடுப்பதைப் பெரியவர் கவனித்திருக்க வேண்டும். ஓட்டுகிற காலத்தில் எஞ்சினைப் பற்றி அவ்வளவாக யோசித்ததில்லை என்றார். யோசனை எல்லாம் நடுவைப் பற்றித்தான். தலை மேட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும், வயிறு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், வால் எங்கேயோ சமதளத்தில் வரும். முன்பக்கம் ஓடப் பார்க்கும், பின்பக்கம் பிடித்து இழுக்கும். இரண்டு பெட்டிக்கு நடுவில் இருக்கும் கப்ளிங்கில் கொஞ்சம் தளர்வு உண்டு. நூறு பெட்டியின் தளர்வும் சேர்ந்தால் ரயில் பல மீட்டர் நீளும், சுருங்கும். அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் எங்கேயாவது கப்ளிங் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதை உட்கார்ந்த இருக்கையில் உணர்ந்து ஓட்ட வேண்டும் என்று அவர் சொன்னபோது வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்தது.

இரண்டாம் நாள் விடியும் முன்னரே போய்விட வேண்டும் என்று திட்டம். அலாரம் வைத்ததில் தவறு. எழுந்தபோதே வெளிச்சம் வந்துவிட்டது. கீழேயிருந்து ஒரு ரயில் ஏறிக்கொண்டிருப்பது வரும் வழியிலேயே ஹாரன் சத்தத்தில் தெரிந்தது. ஐந்து ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கிற ஹாரன். நான் காரை நிறுத்தி, ட்ரைபாடைப் பிரித்து, லென்ஸை மாற்றி நிமிர்வதற்குள் எஞ்சின்கள் வளையத்தைச் சுற்றி முடித்து அடுத்த வளைவுக்குள் மறைந்துவிட்டன. காலைச் சூரியன் அப்போதுதான் மலை விளிம்பில் ஏறி மஞ்சளாக அடித்தது. மூன்று நாளிலும் அதுபோல ஒரு வெளிச்சம் கிடைக்கவில்லை. எஞ்சின் போயே போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரயில் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

வேறு எதுவும் இல்லாததால் அதைப் பார்த்தேன். வளையம் முழுக்க ரயில். மேலே ஒரு வரிசை இடமிருந்து வலம், கீழே அதே ரயில் வலமிருந்து இடம். குன்றைச் சுற்றி ஒரு சங்கிலி, மெல்ல, ஒரே சீராக. ஒவ்வொரு பெட்டியும் ஓக் மரங்களுக்குப் பின்னால் போகும்போது நிழல் ஏறி, வெளியே வரும்போது வெயில் ஏறியது. எஞ்சின் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் இப்போது பெட்டிகளின் சத்தம் கேட்டது. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசி எழுப்பும் கிரீச். ஒரு பெட்டியின் கிரீச் முடியும் முன் அடுத்ததன் கிரீச். ஒன்றுக்கொன்று சற்றே சுருதி மாறி, மலை முழுக்கப் பாடுகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன். மரங்கள், வெயில், நடுப்பெட்டிகள்.

அப்புறம் இன்னொன்று வந்தது, நான் எதிர்பார்க்காதது. பெட்டிகளுக்கு நடுவிலிருந்து மறுபடியும் அந்த உறுமல். சுரங்கத்திலிருந்து இரண்டு எஞ்சின்கள், ஆள் இல்லாமல். முன்னால் இருக்கிற ஓட்டுநர் ரேடியோ வழியாக இவற்றை இயக்குகிறார். நீளமான ரயில் முழுவதையும் தலையிலிருந்தே இழுத்தால் முதல் சில கப்ளிங்குகள் தாங்காது. அதனால் நடுவிலும் வாலிலும் எஞ்சினைச் செருகிச் சுமையைப் பங்கு போடுகிறார்கள். வளைவான ஏற்றத்தில் இது இன்னும் முக்கியம். முன்னாலிருந்து மட்டும் இழுத்தால் நடுவில் இருக்கும் காலிப் பெட்டிகள் வளைவின் உள்பக்கம் இழுபட்டுத் தடம் புரண்டுவிடும். இதெல்லாம் எனக்கு முன்பே ஏட்டளவில் தெரிந்ததுதான். ஆனால் ஆளில்லாத ஓட்டுநர் அறை ஜன்னல்கள் என் கண்ணுக்கு நேரே கடந்து போனபோதுதான், நடு என்பதும் வேலை செய்கிற இடம் என்பது எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து நான் நடுவைத்தான் எடுத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் எழுத்துகள் இருக்கும். ஒரு வேகனின் குறியீடு எக்ஸ் என்று முடிந்தால் அது ரயில்வேக்குச் சொந்தமில்லை, தனியாருடையது. எண்ணெய் டேங்கர்கள் பெரும்பாலும் எக்ஸ்தான். யு என்று முடிந்தால் கன்டெய்னர். மாலையில் அறைக்கு வந்து ஒரு கன்டெய்னரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு இலக்கம். அந்தக் கட்டத்து எண் முன்னால் இருப்பதைச் சரிபார்க்க. முதல் இடத்தை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை நாலால் என்று இரட்டிப்பாக்கிப் பெருக்கிக்கொண்டே போய், எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் மிச்சம் வருகிற எண் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. ஏ என்றால் பத்து, பி என்றால் பன்னிரண்டு. பதினொன்றையும் அதன் மடங்குகளையும் விட்டுவிடுவார்கள். பையன் தரையில் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் போட்டான். மிச்சம் நாலு. கட்டத்திலும் நாலு. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் யாரோ பெயின்ட் அடித்த எண்ணை, ஒரு மலைமேல் எடுத்த படத்தை வைத்து இவன் சரிபார்த்துவிட்டான். எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது.

இறங்குகிற ரயில்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏறும் ரயில் உறுமும், இறங்கும் ரயில் ஊளையிடும். இறக்கத்தில் எஞ்சினின் மோட்டார்களையே ஜெனரேட்டர்களாக மாற்றிவிடுவார்கள். சக்கரம் மோட்டாரைச் சுழற்றும், மோட்டார் மின்சாரம் உண்டாக்கும், அந்தச் சுமை சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். உண்டான மின்சாரத்தை எஞ்சினின் கூரையில் இருக்கும் கம்பிச் சுருள்களில் வெப்பமாக எரித்து, பெரிய விசிறிகள் வைத்து ஊதிவிடுவார்கள். அந்த விசிறிச் சத்தம்தான் ஊளை. இதற்கு டைனமிக் பிரேக் என்று பெயர். காற்று பிரேக்கை மட்டுமே நம்பி நீண்ட இறக்கத்தில் இறங்கினால் சக்கரம் சூடேறிப் பிரேக் பிடி விட்டுவிடும்.

குன்றின் மேலே இருக்கும் வெள்ளைச் சிலுவை இந்தக் கதையோடு சேர்ந்தது. 1989 மே 12 அன்று சான் பெர்னார்டினோ நகரில் நடந்த விபத்தில் இறந்த இரண்டு ரயில் ஊழியர்களின் நினைவாக வைத்தது. அந்த ரயில் புறப்பட்டது இங்கிருந்து அதிகத் தூரமில்லாத மொஹாவியிலிருந்து. 69 பெட்டிகளில் ட்ரோனா என்ற தாது. சீட்டில் எடை குறிப்பிடப்படவில்லை. பெட்டிக்கு 60 டன் இருக்கும் என்று எழுத்தர் மனக்கணக்காகப் போட்டார். உண்மையில் 100 டன். ஓட்டுநருக்குக் கிடைத்த காகிதத்தில் ரயிலின் எடை சுமார் 6,150 டன். மலையிலிருந்து இறங்கத் தொடங்கிய ரயிலின் எடை கிட்டத்தட்ட 8,900 டன். போதாததற்கு எஞ்சின்களில் சிலவற்றில் டைனமிக் பிரேக் வேலை செய்யவில்லை. கஹோன் கணவாயிலிருந்து இறங்கும்போது ரயில் கையை மீறிப் போனது. 35 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாத வளைவுக்கு 100 மைலைத் தாண்டிய வேகத்தில் வந்து, தெருவோரத்து வீடுகளுக்குள் பாய்ந்தது. வீட்டுக்குள் இருந்த இரண்டு சிறுவர்களும் இறந்தார்கள்.

இதைப் பையனிடம் சொல்வதா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு பெட்டிக்கு நாப்பது டன்னு தப்பா எண்ணிட்டாங்க" என்றான். எண்ணிக்கையின் மேல் அவனுக்கு இருந்த விளையாட்டுத்தனம் அதற்குப் பிறகு கொஞ்சம் மாறியதாக எனக்குத் தோன்றியது. ஸ்கேனரில் குறை எதுவும் இல்லை என்ற குரல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டான்.

இந்தப் பாதையை எடுத்த படங்களில் என்னால் மறக்க முடியாதது 1952ஆம் ஆண்டுப் படம் ஒன்று. அந்த ஜூலை 21 அன்று வந்த நிலநடுக்கத்தில் மலை நகர்ந்து, ஒரு சுரங்கத்துக்குள் தண்டவாளம் பாம்பு போல நெளிந்து, கான்கிரீட் சுவருக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. சுவர் தூக்கிக்கொண்ட கணத்தில் தண்டவாளம் அடியில் நழுவியிருக்க வேண்டும், பிறகு சுவர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. படத்தில் ரயில் இல்லை, பெட்டி இல்லை, இரண்டு இரும்புக் கோடுகள் சுவருக்குள் மறைவது மட்டும்தான். 25 நாளில் பாதையைச் சரி செய்து ரயிலை ஓட்டிவிட்டார்கள்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்கு இறங்காதீர்கள். அது தனியார் நிலம், நுழைவது குற்றம் என்பது ஒரு பக்கம். இறக்கத்தில் வருகிற ரயில் ஊளையிட்டாலும், கிட்டே வரும் வரை அது காதில் விழாமல் போகலாம் என்பதுதான் முக்கியம். பெட்டிகள் தண்டவாளத்துக்கு வெளியே இருபுறமும் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். சரக்கைக் கட்டிய பட்டை ஒன்று அறுந்து தொங்கினால் இன்னும் கூட. ஓட்டுநர் பார்த்துப் பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். சாலையோர மேட்டிலிருந்தே எல்லாம் தெரிகிறது. கிட்டத்தில் வேண்டுமென்றால் 200 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும்போது வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, ரயில் தன்மேல் தானே மடிந்தது போலத் தெரியும். கிட்டே போய் நின்றால் அந்தப் படம் கிடைக்காது.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாலாங்கில் ஒரு ரயில் நின்றது. பாதையின் பெரும்பகுதி ஒற்றை வழி என்பதால் எதிரே ஒன்று வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும். லூப் லைன் வளையத்தின் மேலேயே போகிறது. அதனால் ஒரு ரயில் குன்றைச் சுற்றி அசையாமல் படுத்திருக்க, இன்னொன்று அதன் பக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. எதிர் ரயில் தாண்டிய பிறகு நின்றிருந்தது புறப்பட்டது. முதல் கப்ளிங் இறுகும் சத்தம், பிறகு இரண்டாவது, மூன்றாவது. டக், டக், டக் என்று அந்தச் சத்தம் பெட்டி பெட்டியாகப் பின்னுக்கு ஓடி, குன்றைச் சுற்றிக்கொண்டு போய், எங்கள் காலுக்குக் கீழே வந்து, சுரங்கத்து வாயருகே போய் அடங்கியது. இரண்டு கிலோமீட்டர் ரயில் தன் நீளத்தைத் தானே வாய்விட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. படத்தில் வராது அது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருட்டிவிட்டது. கேமராவை ட்ரைபாடில் வைத்து ஷட்டரை முப்பது நொடி திறந்து வைத்தேன். ஒரு காலத்தில் ரயிலின் கடைசியில் கார்டு வண்டி இருந்தது. அமெரிக்காவில் 1980களில் அதை எடுத்துவிட்டு, கடைசிக் கப்ளிங்கில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். பிரேக் குழாயில் காற்று கடைசி வரை வருகிறதா என்று பார்த்து எஞ்சினுக்கு ரேடியோவில் சொல்லும். அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு, விட்டு விட்டு எரியும். புறப்பட்ட ரயிலின் வால் சுரங்கத்து வாயருகிலிருந்து நகர்ந்து குன்றைச் சுற்ற ஆரம்பித்தபோது ஷட்டரைத் திறந்தேன்.

திரையில் வந்த படத்தில் ரயிலே இல்லை. கறுப்பு மலை, கொஞ்சம் நட்சத்திரம், குன்றின் இடுப்பில் வளைந்து போகும் சிவப்புப் புள்ளிகளின் வரிசை. பையன் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கி, திரையைப் பெரிதாக்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினான்.

"இருபத்தாறு, சித்தி" என்றான். "நாலு மரத்துக்குப் பின்னாடி போயிடுச்சு."